செவலையின் கால் பனியன்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று சொல்லாத ஆள் எங்கள் பனியன் கம்பெனியில் கிடையாது. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால், அந்த வருஷம் தை பிறப்பதற்குள் செவலையைக் குழி தோண்டிப் புதைத்திருப்பார்கள்.

செவலை என்பது அந்த நாயின் நிறம்தான். பேர் என்று யாரும் தனியாக வைக்கவில்லை. குட்டியாக இருந்தபோதே கம்பெனி கேட்டுக்குள் நுழைந்து, வேஸ்ட் துணி கொட்டுகிற கொட்டகையில் படுத்துக்கொண்டு, இனி இது என் இடம் என்று தானாகவே முடிவு செய்துகொண்ட கடுவன் நாய் அது. முதலாளியும் விரட்டவில்லை. ராத்திரிக் காவலுக்கு ஆச்சு என்று விட்டுவிட்டார்.

அறுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு, பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான் வேலம்பாளையத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியிலேயே எனக்கும் டேமேஜ் பார்க்கிற வேலை கிடைத்தது. மிஷினிலிருந்து குழாய் குழாயாக இறங்கி வரும் துணிக்குள் கையை விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து, ஓட்டை எங்கே, ஊசி ஒடிந்து விழுந்த கோடு எங்கே என்று கண்டுபிடித்து அடையாளம் வைக்க வேண்டும். தையல்காரர்கள் எல்லோரும் ஆண்கள். மடிக்கிற பெண்கள் தங்களுக்குள் ஒரு கூட்டம். என்னைப் பார்த்தால் "தோட்டத்துப் பொண்ணு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தோட்டங்காட்டில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கத்திப் பேசியே வளர்ந்த எனக்கு, பேச ஆளில்லாமல் இருப்பதைவிடப் பெரிய தண்டனை ஏது?

முதல் நாள் மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து கம்பஞ்சோற்றில் கை வைத்தேன். காலடியில் ஏதோ கனத்தது. குனிந்து பார்த்தால் செவலை, என் இரண்டு பாதங்களின் மேலும் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, போசியைப் பார்க்கிறது. "உனக்கும் கம்பஞ்சோறுதான் புடிக்குமா? நல்ல பொழப்புடா" என்றேன். அந்தக் கம்பெனிக்குள் நான் வாய்விட்டுப் பேசிய முதல் பேச்சு அதுதான். அன்றிலிருந்து தினமும் ஒரு உருண்டை அதற்கு. அதை வெறும் நாய் என்று எனக்கு நினைக்கத் தோன்றியதே இல்லை. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் அது.

தீபாவளி ஆர்டர் எல்லாம் போய் முடிந்து, கம்பெனி கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த கார்த்திகை மாதம். ஒரு காலையில் கேட்டைத் திறந்து போகிறேன், செவலை ஓடி வரவில்லை. கூப்பிட்டேன். வேஸ்ட் கொட்டகையிலிருந்து மெதுவாக வந்தது. மூன்று கால்கள்தான் வந்தன. இடது பின்னங்கால் அதன் பின்னாலேயே இழுபட்டு வந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கி, விரல்களின் மேல்பக்கம் தரையில் தேய்ந்து, சிமெண்டுத் தளத்தில் ரத்தக் கோடு. ஆனால் அது கத்தவில்லை, முனகவில்லை. எப்போதும் போல வாலை ஆட்டிக்கொண்டே வந்து என் காலடியில் உட்கார்ந்தது. தன் காலுக்கு என்ன ஆனது என்றே அதற்குத் தெரியவில்லை.

தடவித் தடவிப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை, வீக்கம் இல்லை, கடிபட்ட தடமும் இல்லை. அதற்குள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பாம்பு என்றார் ஒருவர். லாரி என்றார் இன்னொருவர். எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்றாள் மடிக்கிற கூட்டத்தில் ஒருத்தி. யாரோ ஒரு புண்ணியவான், "வெறி புடிச்சாலும் இப்படித்தானுங்க பின்னங்கால் இழுத்துக்கும்" என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். நாயைச் சுற்றி நின்ற கூட்டம் பொசுக்கென்று கலைந்தது. ஒரு தையல்காரர் துணி உருட்டுகிற கட்டையைக் கையில் எடுத்தே விட்டார்.

"எவனாச்சும் கிட்ட வந்தீங்கன்னா பாத்துக்கங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் நிட்டிங் ரூமிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். கட்டை கீழே போனது.

சைக்கிள் கேரியரில் ஒரு பஞ்சுக் கூடையைக் கட்டி, அதில் செவலையை உட்கார வைத்து, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் தெற்கத்திக்காரர். "என்னம்மா, கடிச்சுச்சா யாரையும்? தண்ணி குடிக்குதா?" என்று எங்கள் பக்கத்து மரியாதைக்கு ஒரு 'ங்க' கூடப் போடாமல் கேட்டது எனக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் நாயை அவர் தொட்ட விதத்தில் என் கோபம் இறங்கிவிட்டது. வெறி மாதிரித் தெரியவில்லை, இருந்தாலும் சங்கிலி போட்டுத் தனியாகக் கட்டிவையுங்கள், நான் சொல்கிற கெடு தாண்டியும் நன்றாக இருந்தால் அந்தப் பயம் வேண்டாம் என்றார்.

கம்பெனியின் கடைசி மூலையில் வேப்ப மரத்தில் கட்டினோம். கட்டிங் மாஸ்டர் தினமும் காலையில் வந்ததும், துணி வெட்டுகிற மேஜைக்குப் போவதற்கு முன்னால், தூரத்திலிருந்தே செவலையைப் பற்றிக் கேட்டுச் சத்தம் போடுவார்: "ஏனுங் அம்மிணி, உங்க மாப்பிள்ளை தண்ணி குடிச்சாப்லயா?" "குடிச்சாப்ல, குடிச்சாப்ல. நீங்க காப்பியக் குடிச்சுப்போட்டு சோலியப் பாருங்க" என்பேன். வாய்தான் அவருக்கு அப்படி. ஈரம் உள்ள மனுஷன்.

கெடு தாண்டியது. செவலை தண்ணீரும் குடித்தது, சோறும் தின்றது, குரைக்க வேண்டிய ஆளைப் பார்த்துக் குரைத்தது. வெறி இல்லை. மறுபடியும் கூடை, சைக்கிள், ஆஸ்பத்திரி. இந்தத் தடவை டாக்டர் ஒரு இடுக்கியை எடுத்து அதன் விரல்களுக்கு நடுவே அழுத்திக் கிள்ளினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். செவலையோ மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"உணர்ச்சி இல்ல" என்றார் டாக்டர். "நரம்புல என்னமோ ஆயிருக்கு. எதுனாலன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன். வந்தா வரும், வராமலும் போகும். ஆனா ஒண்ணு. இப்படியே தரையில தேய்ச்சா புண்ணு எலும்பு வரைக்கும் போயிரும். அப்புறம் காலை எடுக்கணும். பாதம் மடங்காம, தேயாமப் பாத்துக்க. தெனமும் காலை மடக்கி நீட்டி, தடவி விடு."

வெளியே வந்து கூடையைக் கட்டும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அழுதா கால் வந்துருமா? நட" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, கட்டி முடித்த முடிச்சையே மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார்.

அடுத்த வாரமே அந்தக் கொடுமையையும் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடப் போனால், செவலை மரத்தடியில் சுகமாகத் தூங்குகிறது. அந்தப் புண் பாதம் முழுக்கக் கட்டெறும்பு. நமக்கு ஒன்று ஏறினால் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்போம். அதற்குத் தூக்கம் கூடக் கலையவில்லை. நான் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன், செவலை எழுந்து என் கன்னத்தை நக்கியது. "ஏண்டா, கத்தித் தொலையேண்டா!" என்று அதையே திட்டினேன்.

இதற்குள் முதலாளி காதுக்கு விஷயம் போயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. முருக பக்தர். கிருத்திகை தவறாமல் விரதம் இருந்து, நெற்றி நிறையத் திருநீறோடு வருவார். ஆனால் தை பிறந்ததும் புது நிட்டிங் மிஷின் ஒன்று வந்து இறங்கப்போகிறது. அதற்குப் பூசை, பத்திரிகை, சொந்தபந்தமான ஒறம்பரை, சாப்பாடு எல்லாம் பெரிதாக வைத்திருந்தார். வேப்ப மரத்தடிக்கு வந்து, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புண்ணைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இங்க பாரு அம்மிணி, எனக்கும் பாவமாத்தான் இருக்குது. அதுக்காகக் கால் அழுகுன ஜீவனை வாசல்ல வெச்சுக்கிட்டு மிஷினுக்குச் சூடம் காட்ட முடியுமா? டாக்டர்கிட்டச் சொல்லி ஒரு ஊசியப் போட்டு, வலியில்லாம அனுப்பிரலாம்."

"வலி இல்லாததுதானுங்களே அதுக்கு வியாதியே! ஏனுங் மொதலாளி, உங்க கை மரத்துப்போச்சுன்னா உங்களுக்கும் ஊசி போட்டரலாமுங்களா?"

என் வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னைக் கும்பிட்டார். முதலாளி தூக்கிப் பிடித்திருந்த வேட்டியைக் கீழே விட்டார். பிறகு, "தை வரைக்கும் பாக்கறேன். பூசைக்குள்ள கால் நல்லாகோணும். இல்லீன்னா நான் சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலையை விட்டு நிறுத்தாமல் போனாரே, அதுவே பெரிசு.

அன்று சாயங்காலம் கட்டிங் மாஸ்டர் தோளில் அளவு டேப்போடு மரத்தடிக்கு வந்தார். "மாப்பிள்ளைக்கு என்ன சைஸுங்க? முப்பத்திரண்டா, முப்பத்திநாலா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்து, நிஜமாகவே அளவெடுக்க ஆரம்பித்தார். பாதத்தின் சுற்று, குதிகால் உயரம், அதற்கு மேலே தொடை ஆரம்பிக்கிற இடம். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் ஒரு காலுறை. அடியில் பாதத்துக்குப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்துத் தையல். விரல் முனையிலிருந்து குதிகாலுக்கு மேலே ஒரு ரப்பர் பட்டை, பாதம் மடங்காமல் மேலே தூக்கிப் பிடிக்க. பட்டை யோசனை என் வீட்டுக்காரருடையது. தைத்தவர் அன்றைக்குக் கட்டையைத் தூக்கிய அதே தையல்காரர். அதற்குக் கம்பெனியே வைத்த பேர் கால் பனியன்.

மாட்டி விட்டோம். செவலை எழுந்து நின்றது. நாலு காலில் நின்றது! ஒரு அடி வைத்தது, பாதம் மடங்காமல் சப்பென்று தரையில் படிந்தது. மடிக்கிற பெண்கள் கூடக் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மறுநாள் கழற்றிப் பார்த்தால் பாதம் வீங்கி, காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வரி. பனியன்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. ரிப் என்றால் பிடிப்பு இருக்க வேண்டும். எத்தனை தடவை துவைத்தாலும் தொளதொளவென்று ஆகக் கூடாது. அந்தப் பெருமையை அப்படியே நாய்க் காலில் மாட்டிவிட்டோம். டாக்டர் எங்கள் எல்லோரையும் சேர்த்து வைத்துத் திட்டினார். "மனுசன் போடுற பனியன் இறுக்குனா அவன் கழட்டி எறிஞ்சிருவான். இது எப்படிச் சொல்லும்? அதுக்குத் தெரியாத வலியை நீங்கதான்யா பாத்துக்கிடணும்."

அதற்கப்புறம் கால் பனியனுக்கு நீளமாக ஒரு திறப்பு வைத்து, பாவாடை நாடா மாதிரித் தளர்வாகக் கட்டினோம். அடிக்கடி கழற்றிப் பார்ப்பேன். சோற்றுக்கு மணி அடித்ததும் பாதி நேரம் எனக்கு, பாதி நேரம் செவலைக்கு. விளக்கெண்ணெயைச் சூடு காட்டி, தொடையிலிருந்து விரல் வரைக்கும் நீவுவேன். காலை மடக்கி நீட்டுவேன். விரலைக் கிள்ளியும் பார்ப்பேன். அது பாட்டுக்குப் படுத்திருக்கும். மரக்கட்டையைக் கிள்ளினால் என்ன, அதைக் கிள்ளினால் என்ன. சலித்துப்போய்க் கிள்ளுவதையே விட்டுவிட்டேன். ஆனால் புண் ஆறிக்கொண்டு வந்தது. புதுத் தோல் வந்தது. மார்கழிக் குளிரில் கோலம் போடுகிற வாசல்களைத் தாண்டி, கால் பனியன் மாட்டிய நாய் ஒன்று கேட் வரைக்கும் போய் வருவதைப் பார்க்க ரோட்டில் ஆள் நிற்பார்கள். மாஸ்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்: "நம்ம கம்பெனி சரக்குங்க!"

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செவலைக்குக் கிறுக்குப் பிடித்தது.

ஒரு காலையில் போனால் கால் பனியன் கிழிந்து நூல் நூலாகக் கிடந்தது. செவலை பக்கத்திலேயே நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. "ஏண்டா கெரகம் புடிச்சவனே, ராத்திரி முழுக்க ஒக்காந்து தச்சதுடா!" என்று கத்தினேன். மாஸ்டர் கிழிசலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இழுத்துப் பார்த்தார். "நூல் பொசுபொசுன்னு இருக்குதுங்க. கொஞ்சம் தடி நூல்ல போட்டாச் சரியாப் போயிரும்" என்றார்.

தடி நூலில் போட்டோம். ரெண்டே நாளில் அதுவும் போனது. இந்தத் தடவை தையல் பிரிந்திருந்தது. தையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ற தையலா பிரியும்?" என்று ஓரத்தில் இரட்டைத் தையல் ஓட்டிக் கொடுத்தார். செவலை தையலை விட்டுவிட்டு நடுவில் கடித்தது. பின்னல் துணியாயிற்றே, ஒரு கண்ணி அறுந்தால் மளமளவென்று மேலே வரைக்கும் பிரியும். அதற்கு என்ன செய்யலாம் என்று நிட்டிங் ரூமில் ஒரு மாநாடே நடந்தது. என் வீட்டுக்காரர் மிஷினில் கண்ணி நீளத்தைக் குறைத்து, கெட்டியாக ஒரு முழம் துணி தனியாகப் பின்னி எடுத்து வந்தார். அதுவும் ஒரு பகலில் காலி. துணிக்கு மேல் வேப்பெண்ணெய் தடவினோம். மூக்கைச் சுளித்துக்கொண்டே கடித்தது.

இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றுகிறது. ஒரு கம்பெனி நிறைய ஆட்கள். மாஸ்டர், ஆபரேட்டர், தையல்காரர், டேமேஜ் பார்க்கிற நான். கிழிந்த துணியைக் கையில் கொடுத்தால் எங்களுக்குத் துணி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நூல் சரியில்லை, கண்ணி சரியில்லை, தையல் சரியில்லை. இத்தனை நாள் தேமேயென்று மாட்டிக்கொண்டு திரிந்த நாய் இப்போது மட்டும் ஏன் கடிக்கிறது என்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? வேறு எந்த ஊராக இருந்திருந்தாலும் முதலில் நாயைத்தான் பார்த்திருப்பார்கள்.

பார்த்தவர் ஒருவர் உண்டு. அவரும் தப்பாகப் பார்த்தார். முதலாளி மிஷின் இறக்க இடம் பார்க்க வந்தவர், செவலை தன் காலையே கவ்விக் கவ்விக் கடிப்பதைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "தன்ற காலைத் தானே திங்குது! வெறியேதான், வேற என்ன? இத்தனை ஒறம்பரை வர்ற நேரத்துல கொழந்தை குட்டியக் கடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். இந்தத் தடவை என் பேச்சைக் கேட்க அவர் நிற்கவே இல்லை. டாக்டரைக் கையோடு கூட்டி வரச் சொல்லி ஆளை அனுப்பிவிட்டார்.

பூசைக்கு முந்தின நாள் அது. கம்பெனி முழுக்க மாவிலையும் வாழைக் கன்றுமாக இருந்தது. டாக்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு, தோல் பையோடு மரத்தடிக்கு வந்தார். "ஊசியப் போடறதுன்னா மொதல்ல எனக்குப் போடுங்க" என்று செவலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து தோளைத் தொட்டார். தட்டிவிட்டேன்.

"கொஞ்சம் தள்ளும்மா. பாக்காம நான் எதுவும் போடமாட்டேன்" என்றார் டாக்டர். "காலை நான் பாக்கணும். அதைக் கழட்டு."

நாடாவை அவிழ்த்தேன். அந்தக் கடைசிக் கால் பனியன், எங்கள் கம்பெனி தைத்ததிலேயே கெட்டியான சரக்கு, செவலை அதில் பல்லைப் போட்டு இன்னும் கிழிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. பாதத்திலிருந்து உருவினேன். விரலைத் தாண்டுகிற இடத்தில் எங்கேயோ சிக்கியது. கோபத்தில் வெடுக்கென்று இழுத்தேன்.

செவலை "வீல்" என்று கத்திக்கொண்டு என் கையைக் கவ்வ வந்தது.

பல் படவில்லை. கடைசி நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டது. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குனிந்து தன் பாதத்தை நக்க ஆரம்பித்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி இன்னும் பின்வாங்கி ஓடினார். நான் கையிலிருந்த கால் பனியனைப் பார்த்தேன். பழக்க தோஷம், உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் விரித்தேன். ட்யூபைத் துளைத்துக்கொண்டு உள்பக்கமாக ஒரு நெருஞ்சி முள் நின்றது. முனையில் ரத்தம். புது ரத்தம்.

அது நக்கிய இடத்தைப் பார்த்தேன். முள் ஏறிய இடத்தையே, துல்லியமாக அந்த இடத்தையே, நக்கிக்கொண்டிருந்தது.

என் வாயிலிருந்து வந்தது பாருங்கள், ஒரு சத்தம். பக்கத்துக் கம்பெனியில் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்களாம்.

"அய்யோ, முள்ளுக் குத்துதுங்க! அதுக்கு முள்ளுக் குத்துதுங்க! உணர்ச்சி வந்துதானுங்க இத்தனை நாளாக் கடிச்சிருக்குது! கடவுளே, அதுக்கு வலிக்குதுங்க!"

உலகத்தில் யாராவது, தன்னுடைய செல்லத்துக்கு வலிக்கிறது என்று இப்படிக் குதித்திருப்பார்களா? நான் குதித்தேன். மாஸ்டர் தன் நெற்றியில் படார் படார் என்று அடித்துக்கொண்டார். "நூலைக் கொறை சொன்னனே! நாயைக் கேக்கலியே!" தையல்காரருக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் மட்டும் அமைதியாக உட்கார்ந்து, அதன் பாதத்தைக் கையில் எடுத்து, விரலிடுக்கில் விரலால் லேசாக அழுத்தினார். செவலை சட்டென்று தலையைத் திருப்பி உறுமியது. காலை இழுத்துக்கொண்டது. இன்னொரு விரலில் அழுத்தினார். அதற்கும் உறுமல். "வந்துருச்சு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "செத்துக் கெடந்த நரம்பு முழிக்கும்போது ஊறும், எரியும், குறுகுறுக்கும். அதான் கடிச்சிருக்கு. இன்னும் முழுசா வரல. வரும். வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல." தோல் பையைத் திறக்கவே இல்லை.

"இல்லீங், எனக்கு நம்பிக்கை இல்லீங்" என்றார் முதலாளி. நாலு அடி தள்ளி நின்றுகொண்டே சொன்னார். "நீங்க சொல்றீங்க. அந்த அம்மிணி கத்துது. எனக்கென்ன தெரியுது?"

"நீங்களே தொட்டுப் பாருங்க" என்றார் டாக்டர்.

அத்தனை பேரும் பார்க்கிறார்கள். பின்வாங்கினால் நாளைக்குப் பூசையில் எப்படித் தலை நிமிர்வது? முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முருகா என்று சொல்லிவிட்டு, மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் பயந்து பயந்து கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பின்னங்காலின் விரலை நறுக்கென்று கிள்ளினார். பயத்தில் கொஞ்சம் பலமாகவே கிள்ளிவிட்டார் போலிருக்கிறது.

செவலை திரும்பி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. பல் பதியவில்லை, ஆனால் ஆள் இன்னார் என்று பார்க்காத பிடி. முதலாளி "ஆத்தாடி!" என்று மல்லாக்க விழுந்தார். திருநீறு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் அவரைத் தூக்க ஓடினார். யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. எனக்கோ உயிரே இல்லை. கெட்டது குடி, வேலையும் போச்சு, நாயும் போச்சு என்று நினைத்தேன்.

முதலாளி எழுந்து உட்கார்ந்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செவலையைப் பார்த்தார். அது தன் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு அவரை முறைத்துக்கொண்டு நின்றது. கால் பனியன் இல்லை, பட்டை இல்லை. இடது பின்னங்கால் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் பாதம் மடங்கவில்லை.

"நல்லாத் தெரியுதுங்கோ அதுக்கு!" என்றார் முதலாளி. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் திறந்தது. கொட்டகை அதிரச் சிரித்தார்கள். நான் செவலையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். "அம்மிணிக்கும் உணர்ச்சி வந்துருச்சுங்க!" என்று மாஸ்டர் கத்தியது காதில் விழுந்தது, அவரைத் திட்டக் கூட எனக்குத் தோன்றவில்லை.

முதலாளி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வாசலை நோக்கி நடந்தவர், பாதியில் நின்று, திரும்பி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"நாளைக்குப் பந்தியில அதுக்கும் ஒரு எலை போடு அம்மிணி. என்ற கையைக் கடிச்சுப்போட்டுச் சும்மா போகக் கூடாது!"